தண்ணி சூசையும் ஒரே முகவரியும்

1

நான் பெல்ஜியத்துக்கு வந்து பத்து வருடம் ஆனதற்காக அலுவலகத்தில் ஆப்பிள் கேக் வெட்டினார்கள். பிளாஸ்டிக் தட்டில் ஒரு துண்டை வைத்து நீட்டிய சக ஊழியர் யான், வாழ்த்துச் சொன்ன கையோடு, "நம் லுக் ஓய்வுபெற்றுப் போகிறான். அவன் பார்த்த ஸ்கோர் பொறுப்பு இனி உன்னுடையது" என்றார். வாயில் கேக் இருந்ததால் மறுக்க முடியவில்லை. விழுங்கி முடித்துப் பார்த்தால் என் மெயிலுக்கு ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வந்து சேர்ந்திருந்தது.

அது எங்கள் அலுவலகத்தின் ஃபேண்டசி சைக்கிள் லீக். எங்கள் ஊர் அரூரில் இருக்கிறவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஐ.பி.எல். சமயத்தில் போனில் கற்பனை டீம் போடுவார்களே, அதே கதைதான். நிஜ சைக்கிள் வீரர்களில் ஒன்பது பேரை நாம் காகிதத்தில் சேர்த்துக்கொள்கிறோம். நிஜ ரேசில் அவர்கள் முதல் இருபது இடத்துக்குள் வந்தால் நமக்குப் புள்ளி. ஆப் எல்லாம் இருக்கிறது. ஆனால் எங்கள் லீக் ஆப் வருவதற்கு முன்பே பிறந்தது. அதற்கென்று தனிச் சட்டங்கள், தனிச் சண்டைகள் உண்டு. ஆகவே ஒருவர் தினமும் மாலையில் ரேஸ் முடிவுகளை ஷீட்டில் ஏற்ற வேண்டும்.

என்னை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டேன். "நீ இந்தியாக்காரி, கம்ப்யூட்டர் தெரியும்" என்றார் யான். நான் இங்கே மருந்துக் கிடங்கில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரிந்த அளவுதான். ஆனாலும் இந்த நாட்டில் பத்து வருடத்தில் முதல்முறையாக ஒருவர் என் நாட்டின் பெயரைச் சொல்லி எனக்குப் பதவி கொடுக்கிறார். விடுவேனா?

2

இந்த லீக்கில் நான் சேர்ந்ததே ஒரு மொழிப் பிசகால்தான்.

வந்த புதிதில் ஒருநாள் யான் என்னிடம், "உனக்கு ‘ப்ளூக்’ இருக்கிறதா?" என்று டச்சு மொழியில் கேட்டார். மொழி வகுப்பில் நான் அந்த வாரம்தான் விவசாயப் பாடம் படித்திருந்தேன். ப்ளூக் என்றால் ஏர்க்கலப்பை. இங்கே ஒருவர் என் குடும்பத்து விவசாயத்தைப் பற்றி விசாரிக்கிறாரே என்று மனசு குளிர்ந்து போனது. தெரிந்த சொற்களையெல்லாம் கூட்டிச் சேர்த்து, "இருந்தது. மாட்டை விற்ற பிறகு சித்தப்பா அதை மாட்டுக்கொட்டகைக் கூரையில் சொருகிவிட்டார். இப்போது டிராக்டர்தான்" என்றேன்.

யான் என்னை வெகுநேரம் பார்த்தார். அதே சொல்லுக்கு ‘அணி’ என்றும் பொருள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கே எனக்கு ஓர் அணி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதன் பெயர் ‘விற்ற மாடு’. இன்றுவரை ஷீட்டில் அதே பெயர்தான்.

லுக் விட்டுப்போன ஷீட் ஒரு காடு. கலர் கலராக வரிசைகள், மறைத்து வைத்த பக்கங்கள், எதைத் தொட்டாலும் வேறொன்று சிவப்பாவது. ஒரு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். பிறகு எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு என் கையால் புதிதாகப் போட்டேன். ஒரு கட்டத்துக்குள் ரேஸ் முடிவைத் தட்டினால் அடுத்த பக்கத்தில் எல்லா அணிகளும் தாமாகவே மேலே கீழே இடம் மாறின. அதைப் பார்த்த அன்று சமையலறையில் நின்று தனியாகக் கைதட்டினேன். துறைமுக வேலை முடிந்து வந்த என் கணவர் எட்டிப் பார்த்து, "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போனார். இரண்டு சக்கரத்தில் ஓடும் எதன்மீதும் அவருக்கு நம்பிக்கை கிடையாது.

ஸ்கோர் போடும் வேலை எனக்குப் புதிதல்ல. ஊரில் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் வாலிபால் போட்டி நடக்கும்போது கரும்பலகையில் சாக்பீஸ் பிடித்து நிற்பவள் நான்தான். என் அக்கா ஆரோக்கியமேரி கூட்டத்திலிருந்து, "கோட்டுமேல விழுந்துச்சு, நான் பாத்தன்! அழிடி அதை!" என்று கத்துவாள். நடுவருக்கு விசில் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ஆட்டத்தை நடத்தியது என் அக்கா.

3

அதே அக்கா இன்று அரூர் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஜூலை மாதம் பிரான்ஸ் நாட்டைச் சுற்றி மூன்று வாரம் ஓடும் பெரிய ரேஸ் தொடங்குவதற்குச் சில நாள் முன்பு வீடியோவில் கூப்பிட்டாள். நான் ஷீட்டைக் காட்டினேன்.

"என்னாடி இது, கலர் கலரா கோலமாட்டம்?"

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்ன அடுத்த வார்த்தை: "எனக்கும் ஒரு டீம் போடு."

இங்கேதான் சட்டம் குறுக்கே வந்தது. லீக் விதிகளின்படி, ஊழியரும் அவருடன் ஒரே முகவரியில் வசிப்பவர்களும் மட்டுமே அணி வைத்துக்கொள்ளலாம். பெல்ஜியத்தில் முகவரி என்பது சாதாரண விஷயமல்ல. வீடு மாறினால் நகராட்சியில் பதிய வேண்டும். பதிந்தால், நீங்கள் உண்மையிலேயே அங்கே இருக்கிறீர்களா என்று பார்க்கப் போலீஸ்காரர் கதவைத் தட்டுவார். அஞ்சல்பெட்டியில் பெயர் இல்லையென்றால் நீங்கள் பிறக்கவே இல்லை என்று பொருள். சைக்கிள் விளையாட்டிலும் அதே கறார்தான். "அரூர் உன் முகவரி அல்ல" என்றார் யான்.

அதனால் அணியை என் மகள் ரீனாவின் பெயரில் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. பெரியம்மா ஆளைச் சொல்வாள், ரீனா பொத்தானை அழுத்துவாள். ஏற்பாடு அவ்வளவுதான்.

ரீனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கேயே வளர்ந்தவள், பதினைந்து வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் நாங்கள் இருக்கும் கென்ட் ஊர்க்காரி மாதிரி டச்சில் பதில் சொல்வாள். ஊரிலிருந்து போன் வந்தால் முகத்தை மட்டும் திரைக்குள் நீட்டி, "ஹாய் பெரியம்மா, பை பெரியம்மா" என்று சொல்லிவிட்டு மறைந்துவிடுவாள். கோபமோ வெறுப்போ ஒன்றும் இல்லை. பேச எதுவும் இல்லை, அவ்வளவுதான். அதுதான் எனக்கு உள்ளூர உறுத்திக்கொண்டே இருந்தது. சண்டை போட்டாலாவது சமாதானம் பண்ணலாம். பேச்சே இல்லாதவர்களை என்ன செய்வது?

"தினமும் ஒரு நிமிடம் பெரியம்மாவோடு பேசினால் போதும்" என்று கெஞ்சினேன். அணியின் மேலாளர் என்று ஷீட்டில் தன் பெயர் வரும் என்றதும் ஒப்புக்கொண்டாள். அதிகாரம் எங்கள் குடும்பத்து ரத்தத்தில் இருக்கிறது.

4

ஒரு நிமிடம் என்றது முதல் நாளே ஒரு மணி நேரமானது. காரணம், சண்டை.

ரீனா வீரர்களின் பழைய முடிவுகளைப் பார்த்து ஆள் எடுத்தாள். அக்கா பழைய ரேஸ் வீடியோவில் தெரியும் ஆளைப் பார்த்து எடுத்தாள். கிளம்பும் முன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்ட ஒருவன் உடனே சேர்க்கப்பட்டான். "வெள்ளந்தியா இருக்கறான்" என்று இன்னொருவன். தாடிக்காரர்கள் யாரும் வேண்டாம், காற்றுப் பிடிக்கும் என்றாள். ஒன்பதாவது ஆளாக அவள் கேட்டவனைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு நேரம் பிடித்தது. கூட்டத்தின் பின்னால் வரும் அணிக் காரோடு ஒட்டிப்போய்த் தண்ணீர் பாட்டில்களை வாங்கிச் சட்டைக்குள் முதுகு, மார்பு என்று திணித்துக்கொண்டு, மறுபடி முன்னால் விரட்டிப்போய்த் தன் அணித் தலைவனுக்கும் மற்றவர்களுக்கும் விநியோகிக்கிற ஒரு நெட்டையன்.

"இவந்தான். பந்தியில பரிமாறறவனாட்டம் ஓடறாம் பாரு. இவன் எப்ப உக்காந்து சாப்புடறது?"

அவன் பெயர் அக்காவின் வாயில் நுழையவில்லை. எங்கள் ஊரில் மேல்நிலைத் தொட்டியைத் திறந்துவிடும் சூசை அண்ணனும் இதே உயரம், இதே கூன். ஆகவே அவன் தண்ணி சூசை ஆனான்.

டச்சு மொழியில் இத்தகையவர்களுக்குத் ‘தண்ணீர் சுமப்பவன்’ என்றே பெயர். தலைவனுக்காகக் காற்றை மறித்து ஓட்டுவான், தலைவனின் சக்கரம் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுப்பான், கடைசிக் கும்பலோடு வந்து சேருவான். ஆகவே புள்ளி கிடையாது. முதல் வாரம் முழுக்கத் தண்ணி சூசையின் வரிசையில் பூஜ்யம் பூஜ்யமாகப் போட்டேன். ரேசுக்கு ஓய்வு விடும் நாளில் ஓர் ஆளை மாற்றிக்கொள்ளலாம். சூசையை எடுத்துவிட்டு ஒரு வேகக்காரனைப் போட வேண்டும் என்றாள் ரீனா. கூடாது என்றாள் அக்கா.

"ஏஞ்சாமி, தண்ணி குடுத்தவன வெளிய அனுப்பிப் போடுவியா?"

ரீனா டச்சில் தொடங்கினாள். அக்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. ரீனா ஆங்கிலத்துக்குத் தாவினாள். "என்னா சொல்றா இவ?" என்று அக்கா என்னைப் பார்த்தாள். நான் வேண்டுமென்றே வெங்காயம் நறுக்கப் போனேன். அப்போதுதான் அது வந்தது. மூக்கு சிவக்க, மேசையைத் தட்டி, முழுதாக, தமிழில்:

"பெரியம்மா, நீங்க பேசறது சுத்த முட்டாள்தனம்!"

கத்தியைக் கீழே வைத்தேன். எழுவாய், பயனிலை, ‘நீங்க’ என்ற மரியாதை, எல்லாம் இருந்தது. கண்டிப்பதா, கட்டிப்பிடிப்பதா என்று தெரியவில்லை. அந்தப் பக்கம் அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அடியே ஜெசிந்தா, புள்ளைக்கு நல்லாத் தமிழ் வருதுடி! திட்டு சாமி, இன்னும் திட்டு!"

சூசை அணியில் நீடித்தான்.

5

இரண்டாம் வாரத்துச் சனிக்கிழமை மலை ஏறும் கட்டம். அன்று ரேஸ் சீக்கிரமே தொடங்கியிருந்தது. இங்கே மதியம், அரூரில் விளக்குப் போடும் நேரம். சூசையின் தலைவன் முந்தின நாள் விழுந்து தோள்பட்டை உடைந்து ஊருக்குப் போய்விட்டான். தண்ணீர் கொடுக்க ஆளில்லாத சூசைக்கு அன்றைக்குச் செய்ய வேலையே இல்லை. வேலை இல்லாத மனுஷன் என்ன செய்வான்? முன்னால் தப்பிய ஒரு சின்னக் கும்பலோடு சேர்ந்து கிளம்பிவிட்டான். பாதி மலையில் அவர்களையும் உதறிவிட்டுத் தனியாக ஏறிக்கொண்டிருந்தான்.

"சூசை! சூசை!" என்று ரீனா சோபாமேல் ஏறி நின்றுவிட்டாள்.

அரூரில் கடை நிரம்பியிருந்தது. காலேஜ் விண்ணப்பம் போட வந்தவர்கள், அவர்களுடைய அப்பாக்கள், பக்கத்து டீக்கடைக்காரர் எல்லோரும் அக்காவின் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். "நம்ம வத்தல்மலை கொண்டை ஊசி வளைவாட்டம் இருக்குது" என்று யாரோ சொல்வது போனில் கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. யு.பி.எஸ். கொஞ்சம் கூவிவிட்டு அடங்கியது. வீடியோ அறுந்துவிட்டது, குரல் மட்டும் வந்தது.

"ரீனா சாமி, கரண்டு பூடுச்சு! நீயே பாத்துச் சொல்லு! போன ஸ்பீக்கர்ல போட்டுட்டன், எல்லாரும் கேக்கறாங்க!"

ரீனா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். இருட்டில் நிற்கும் ஒரு கடை நிறைய மனிதர்களுக்கு என் மகள் தமிழில் வர்ணனை தொடங்கினாள்.

"அவரு மலை ஏறறாரு. ரொம்ப... ரொம்ப மேல. நாக்கு வெளிய இருக்கு. சட்டை பட்டன் திறந்துட்டாரு. பின்னாடி நாலு பேர் வராங்க. அவங்க குண்டு இல்ல, ஒல்லி. ஒல்லி ஆளுங்க ஃபாஸ்ட்! இப்ப ரோடு முறுக்கு மாதிரி வருது, ஒரு முறுக்கு, இன்னொரு முறுக்கு..."

"எவ்ளோ தூரம் சாமி?" என்று ஓர் ஆண்குரல்.

"கொஞ்சம் தூரம் தாத்தா! கொடி தெரியுது!"

நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். கோடு தெரிகிற தூரத்தில் அந்த நாலு ஒல்லி ஆட்களும் சூசையை எட்டினார்கள். ஒரே மூச்சில் அவனைத் தாண்டிப் போனார்கள். ரீனா தலையில் கைவைத்து, உயிர் போகிற மாதிரி அலறினாள்:

"ஐயோ! சூசை முந்திட்டாங்க!"

அந்தப் பக்கம் கடையே அதிர்ந்தது. விசில், கைதட்டல். யாரோ ஷட்டரைத் தட்டித் தாளம் போட்டார். "ஆளுக்கொரு டீ போடுப்பா!" என்று அக்காவின் குரல்.

ரீனா திகைத்துப்போய், "ஏன் அம்மா சந்தோஷப்படுகிறார்கள்?" என்று டச்சில் கேட்டாள்.

எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அவள் சொல்ல நினைத்தது ‘சூசையை முந்திட்டாங்க’. ஒரு ‘ஐ’ விழுந்துவிட்டது. எங்கள் ஊரிலோ மரியாதைக்கு ஒருவரையே ‘வந்துட்டாங்க, போயிட்டாங்க’ என்று சொல்வோம். சூசை அவர்கள் முந்திவிட்டார்கள் என்று அரூர் புரிந்துகொண்டது. அதுவும் எவ்வளவு மரியாதையாக!

விளக்கியதும் ரீனா முகத்தைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டாள். நான் போனை எடுத்து, "அக்கா, ஜெயிக்கலக்கா. அஞ்சாவதா வந்தான்" என்றேன்.

"இப்பத்தான் கரண்டு வந்து பாத்தன். எல்லாரும் டீய குடிச்சிட்டாங்க. இப்பப் போயி தோத்துட்டான்னா நல்லா இருக்குமா? அஞ்சாவதுக்குப் புள்ளி உண்டில்ல?"

உண்டு. தாராளமாகவே உண்டு. சூசையின் வரிசையில் பூஜ்யமல்லாத முதல் எண்ணை நான் ஷீட்டில் தட்டினேன். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரீனாவின் அணி கீழிருந்து எழும்பி, ‘விற்ற மாட்டை’த் தாண்டி, யானையும் தாண்டி நின்றது. யான் என்றால் மனுஷர்தான், மிருகமல்ல. தமிழில் வேற்றுமை உருபு யாரையும் விடுவதில்லை.

6

திங்கட்கிழமை காபி மெஷின் பக்கத்தில் யான் ஆட்சேபம் எழுப்பினார். அணி ரீனாவின் பெயரில் இருந்தாலும், ஆளைத் தேர்ந்தெடுப்பது வேறு முகவரியில் இருப்பவர் என்று கேள்விப்பட்டாராம். விதிமீறல். அணியை நீக்குவதா என்று ஓட்டெடுப்பு. அவர் கெட்டவர் இல்லை. ஒரு சட்டம் வளைந்தால் நாட்டில் மழை நின்றுவிடும் என்று நம்புகிறவர்.

வீட்டில் சொன்னேன். ரீனா யானின் மேசை எங்கே என்று கேட்டுக்கொண்டாள். மறுநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளை மிதித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கே வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் யானின் முன் நின்றாள்.

"தண்ணீர் சுமப்பவனை எடுத்தது யார்? உண்மையைச் சொல்" என்றார் அவர்.

"என் பெரியம்மா" என்றாள்.

"அப்படியென்றால்?"

டச்சில் பெரியம்மாவுக்குச் சொல் இல்லை. என்ன செய்வாள்? நேராகப் பெயர்த்தாள்: "க்ரோட்ட மூடெர்." பெரிய, அம்மா. அந்த இரண்டு சொல்லும் ஒட்டிக்கொண்டால் டச்சில் பாட்டி என்று ஆகிவிடும்.

சனிக்கிழமை கரண்ட் போன கதையை நான் முன்பே சொல்லியிருந்தேன்; அறையே இளகிப்போனது. தூர தேசத்தில், விளக்கில்லாத கடையில், யாருமே எடுக்காத தண்ணீர்க்காரனைத் தேர்ந்தெடுத்த ஒரு பாட்டி! யான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் திருத்தவில்லை. "நிபந்தனை ஒன்று. உங்கள் அஞ்சல்பெட்டியில் அவர் பெயர் இருக்க வேண்டும். பெயர் இருந்தால் முகவரி இருக்கிறது என்று இந்த லீக் எடுத்துக்கொள்ளும்" என்று தீர்ப்புச் சொன்னார். எல்லோரும் கை தூக்கினார்கள்.

அன்று மாலை அக்காவுக்கு நடந்ததைச் சொன்னாள் ரீனா. டச்சு வார்த்தை உட்பட. அக்காவின் முகம் மாறியது.

"என்னியப் பாட்டின்னதும் பத்தாம, மூடர்னு வேற சொன்னாளா? நான் தலைக்குச் சாயம் போடறது யாருக்குடி தெரியும் அந்த ஊர்ல?"

சொல்லிக்கொண்டே தன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள். ரீனா சின்ன அட்டையில் ஆரோக்கியமேரி என்று அச்சடித்து, அஞ்சல்பெட்டியில் என் பெயருக்கும் என் கணவர் பெயருக்கும் கீழே ஒட்டினாள். ரேஸ் முடிந்தபோது அந்த அணி நான்காவது. யான் ஐந்தாவது. அவர் அதை எவ்வளவு கண்ணியமாக ஏற்றுக்கொண்டார் என்றால், இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை.

7

குளிர்காலம் போயிற்று. பெயரட்டை அங்கேயே இருந்தது. தினம் மாலை ரீனாவும் பெரியம்மாவும் பேசிக்கொண்டார்கள். சைக்கிள் இல்லாத மாதங்களில் என்னைப் பற்றிப் பேசினார்கள் என்று நினைக்கிறேன். நான் அறைக்குள் போனால் சட்டென்று நின்றுவிடும்.

ஏப்ரல் மாதம், நாங்கள் இருக்கும் பிளாண்டர்ஸ் பகுதி ரேஸ்களின் காலம். ஒரு வியாழக்கிழமை தூறலில் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைச் சரிபார்க்க வட்டாரப் போலீஸ்காரர் வந்தார். போகும்போது எங்கள் அஞ்சல்பெட்டியைப் பார்த்து நின்றார். மணியடித்தார்.

"இந்த மூன்றாவது பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லையே. இந்த அம்மையார் இங்கே வசிக்கிறாரா?"

ரீனா என்னை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து லீக், ஷீட், விதி, யான், தண்ணி சூசை என்று ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. கடைசியில் கேட்டார்:

"இப்போது வீட்டில் இருக்கிறாரா?"

"இருக்கிறார்" என்று ரீனா தன் போனைத் திருப்பிக் காட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ரேசுக்கு ஆள் எடுக்கும் பேச்சு பாதியில் நின்றிருந்தது. திரையில் அக்கா, பின்னால் ஜெராக்ஸ் மெஷின், விண்ணப்பத்தோடு காத்திருக்கும் நாலு பேர். சீருடையைப் பார்த்ததும் அக்கா எழுந்தே நின்றுவிட்டாள்.

"வாங்க சார், உள்ள வாங்க. மழையில நிக்கறீங்களே!"

ரீனா மொழிபெயர்த்தாள். போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார். பிறகு, ஞாயிற்றுக்கிழமைக்கு அம்மையார் யாரை எடுத்திருக்கிறார் என்று கேட்டார். பெயர்களைக் கேட்டு இரண்டு இடத்தில் உதட்டைப் பிதுக்கினார், ஓர் இடத்தில் ஆழமாகத் தலையசைத்தார். அப்புறம்தான் உத்தியோகம் நினைவுக்கு வந்தது. பதிவு இல்லாத பெயர் பெட்டியில் இருக்கக் கூடாது, எடுத்தாக வேண்டும். ஆனால் ரேஸ் ஞாயிற்றுக்கிழமை என்பதால் திங்கட்கிழமை எடுத்தால் போதும். சொல்லிவிட்டுத் தூறலில் இறங்கிப் போனார்.

"என்னா சாமி சொல்லிட்டுப் போறாரு அவரு?" என்றாள் அக்கா.

ரீனா போனை முகத்துக்கு நேரே பிடித்தாள். "பெரியம்மா, ஞாயித்துக்கெழம வரைக்கும் நீங்க எங்க வூட்லதான் இருக்கீங்களாம். கவர்மெண்டே சொல்லிடுச்சு."

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுச் சௌகரியமாக உட்கார்ந்தாள்.

"அப்படியா? சரி, உங்கம்மாகிட்ட கேளு. ராத்திரிக்கு என்னா கொழம்பு?"